ஊராட்சி வாசலில் நின்றுபோன கம்பி



பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, ஊரில் விட்டுவந்த நம் பிள்ளைகள் பாடம் கேட்க, டவர் கிடைக்குமா என்று மேட்டுக்கும் மொட்டை மாடிக்கும் அலைந்ததை மறந்துவிட்டோமா?

நாடெங்கும் ஏறத்தாழ 2.5 லட்சம் ஊராட்சிகளுக்கு ஒளியிழைக் கம்பி போடும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் தந்தது. பிறகு பாரத்நெட் என்று பெயரை மாற்றினார்கள். பெயர் மாறிய வேகத்தில் வேலை நடக்கவில்லை! தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளும் இதில் அடக்கம்.

பணம் யாருடையது? தொலைபேசிக் கம்பெனிகளின் வருவாயில் நூற்றுக்கு 5 வீதம் எடுத்துச் சேர்த்த நிதி. நாம் போடும் ரீசார்ஜ் காசுதான் அது. யாரிடமும் கைநீட்டிக் கேட்கவில்லை நாம்.

கோளாறு எங்கே? ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சிகளுக்கு ஒற்றைக் கோடாகக் கம்பி போட்டார்கள். சாலை தோண்டும் எந்திரம் ஓரிடத்தில் அறுத்தால், அதற்கப்பால் உள்ள ஊர்களுக்கு ஒன்றுமில்லை. வளையமாகப் போட்டிருந்தால் மறுபக்கம் வழியாகவாவது போயிருக்கும். வளையமாகப் போடும்படி 2023-இல் 1.39 லட்சம் கோடி ரூபாயில் திட்டத்தைத் திருத்தினார்கள். சரி, கம்பி ஊராட்சி அலுவலகம்வரை வந்தது. அங்கிருந்து நம் அம்மா இருக்கும் தெருவுக்கு?

பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள், லீவு கிடைத்தால் ஜனவரி 26 கிராம சபைவரை இருங்கள். கம்பி வந்துவிட்டதா, பள்ளிக்கூடத்துக்கு இணைப்பு உண்டா, அறுந்தால் யாரிடம் சொல்வது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள்.