இடுப்பு வலியும் மீராபாய் சானுவும்
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் உட்கார்ந்தே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நான் டாக்டர் இல்லை. ஆனால் நம் லிஃப்ட் வாசலில் நின்றால் காதில் விழும் பேச்சில் பாதி இடுப்பு வலியும் முதுகு வலியும்தான். அதனால் அதே வலியோடு போராடிய ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

மணிப்பூரைச் சேர்ந்த பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு. 2018 ஏப்ரலில் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினார். அதே வருடம் கீழ்முதுகில் வலி வந்து, ஜகார்த்தா ஆசிய விளையாட்டிலிருந்து விலகினார். நாட்டுக்காக ஆடும் வயதில் "இப்போது முடியாது" என்று சொல்வது லேசான காரியமா? ஆனால் அந்த ஓய்வுக்குப் பிறகு 2019 பிப்ரவரியில் தாய்லாந்தில் மறுபடி தங்கம் வாங்கினார்.

2020ல் தோளும் முதுகும் தொல்லை கொடுத்தன. அமெரிக்கா போய், ஏரன் ஹார்ஷிக் என்ற பிசியோதெரபி நிபுணரிடம் பயிற்சி எடுத்தார். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார்.

கதை அதோடு முடியவில்லை. 2023ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இடுப்பு மூட்டில் காயம். கடைசி முயற்சியில் பின்னால் சாய்ந்து விழுந்தார். நான்காம் இடம். ஆறு மாதம் கழித்து 2024 ஏப்ரலில் புக்கெட்டில் தூக்கியது 184 கிலோ. டோக்கியோ கணக்கைவிட 18 கிலோ குறைவு. ஆனால் பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற அது போதுமாக இருந்தது. பாரிஸில் 199 கிலோ; ஒரே ஒரு கிலோவில் வெண்கலம் போய்விட்டது. 2025 உலகப் போட்டியில் மறுபடி 199 கிலோ, வெள்ளி.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? காயத்திலிருந்து மீள அவர் அவசரப்படவில்லை. ஓய்வு எடுத்தார், காரணத்தைத் தேடினார், குறைந்த எடையிலிருந்து திரும்பத் தொடங்கினார். நாம் இதற்கு நேர்மாறு. ஒன்று, தைலம் தடவிக்கொண்டு 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்குகிறோம். இல்லையென்றால் மாதக்கணக்கில் படுத்துவிடுகிறோம். சாதாரண முதுகு வலிக்கு நீண்ட நாள் படுக்கை நல்லதல்ல என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். இன்று பத்து நிமிடம், அடுத்த வாரம் பதினைந்து நிமிடம் என்று நம் மொட்டை மாடியிலேயே நடக்கலாம்.

பங்குனியில் மதுரகாளியம்மன் தேரைத் தோளில் சுமக்கும் ஊர் நம் தொட்டியம். தேரை ஒருவர் சுமப்பதில்லை, பலர் தோள் கொடுக்கிறார்கள். கேஸ் சிலிண்டரை நகர்த்தவும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. குறிப்பாக, "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லியே வேலை பார்க்கும் அம்மாக்களுக்கு இதைச் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. கால் மரத்துப் போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தாலோ, வலியோடு காய்ச்சல் வந்தாலோ, விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.