குழல்வாய்மொழி என்னும் பெயர்

(தென்காசியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மக்கட்பெயர் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். நூறு பெயர்களை அடுக்குவதினும், நம் மண்ணுக்குரிய ஒரு பெயரை எடுத்து அதன் பொருளையும் வரலாற்றையும் இன்றைய நிலையையும் ஆராய்வது நன்று. அப்பெயர் குழல்வாய்மொழி, திருக்குற்றாலத்தில் கோயில் கொண்டுள்ள அம்மையின் பெயர்.

முதலில் பொருளைக் காண்போம். குழலின் வாயினின்று எழும் இசைபோன்ற இனிய மொழியை உடையவள் என்பது பொருள். 'மொழி' என்று முடியினும் இச்சொல் மொழியைக் குறிக்கவில்லை. அம்மொழியை உடைய பெண்ணைக் குறிக்கின்றது. ஆகவே இஃது உவமைத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை. மதுரையில் அங்கயற்கண்ணி, திருமறைக்காட்டில் யாழைப் பழித்த மொழியாள் என்பனவும் கண்ணழகையும் சொல்லினிமையையும் கொண்டே எழுந்த பெயர்கள். குழலினும் யாழினும் மழலையே இனிது என்று காட்டினார் வள்ளுவர். அந்தக் குழலையே பெண்மகவின் பெயராக்கி மகிழ்ந்தனர் நம் முன்னோர்.

இனி வரலாறு. குற்றாலம் திருஞானசம்பந்தர் பாடிய பழம்பதி. அதன் அம்மைக்கு வேணுவாக்குவாதினி என்று வடமொழியிலும் ஒரு பெயர் உண்டு. வேணு என்பது குழல். வாக்கு என்பது மொழி. பிற ஊர்களில் என்ன நிகழ்ந்தது? அங்கயற்கண்ணியை மீனாட்சி மறைத்தது. மறைக்காட்டை வேதாரணியம் மறைத்தது. நம் அண்மையிலுள்ள சங்கரன்கோயிலில் ஆவுடையம்மையினும் கோமதியே பெருக வழங்குகின்றது. ஆனால் குற்றாலத்தில் வடமொழிப் பெயர் வழிபாட்டு அளவில் நின்றுவிட்டது. வேணுவாக்குவாதினி என்று மகளை அழைக்கும் தாயை நீங்கள் கண்டதுண்டா?

இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, புலவரின் நா. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சியில் இப்பெயரை வைத்துப் பாடினார். அந்நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் அளித்த நிலம் குறவஞ்சிமேடு எனப்பட்டது. மற்றொன்று, மக்களின் நா. ஆண்மகனுக்குக் குற்றாலம், குற்றாலநாதன் என்றும், பெண்மகளுக்குக் குழல்வாய்மொழி என்றும் பெயரிட்டு வீட்டிலும் வயலிலும் அழைத்தனர். பிற்காலத்தே நா. பார்த்தசாரதியும் பாண்டிமாதேவி என்னும் புதினத்தில் ஒரு பெண்ணுக்கு இப்பெயரையே சூட்டினார். அழைக்கப்படும் பெயரே வாழும்.

கடல் கடந்த ஒரு நாட்டையும் பாருங்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் அயர்லாந்து மக்கள் தம் பெயர்களையும் ஆங்கிலமாக்கிக் கொண்டனர். 1892ஆம் ஆண்டு தப்ளின் நகரில் ஆற்றிய உரையில், தாய்மொழிப் பெயர்களுக்குத் திரும்புங்கள் என்று தக்ளசு ஐடு என்னும் அறிஞர் அறைகூவினார். அவரே 1938இல் அந்நாட்டின் முதற் குடியரசுத் தலைவரானார். இன்று அங்கே பெண்மக்களுக்குப் பரவலாக இடும் பெயர்களுள் ஒன்று 'நீவ்'. ஒளி என்பது அதன் பொருள். இளமை நாட்டின் இளவரசியாக அவர்தம் தொல்கதையில் வருபவளின் பெயர். எழுதுவது ஐந்தெழுத்து, ஒலிப்பதோ நீவ். வேற்று நாட்டார் படிக்கத் தடுமாறுவர். ஆயினும், பெரும்பாலோர் அந்த எழுத்துக்கூட்டலை விடவில்லை. தடுமாறுகின்றவர் கற்றுக்கொள்ளட்டும் என்றிருக்கின்றனர்.

நம் நாட்டில் 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட வேதாசலனார் மறைமலையடிகள் ஆனார். சங்கரன்கோயிலில் 1902இல் பிறந்த தேவநேசன் தேவநேயப் பாவாணர் ஆனார். பெற்ற பெயரையே மாற்றிக்கொண்ட பெருமக்கள் அவர்கள். நமக்கோ மாற்றும் தொல்லையும் இல்லை. உள்ள பெயரைக் காத்தால் போதும்.

காக்கின்றோமா? முப்பதாண்டுகளாக வருகைப் பதிவேட்டைப் படித்து வருகின்றேன். முன்பு என் வகுப்பில் ஒலித்த குழல்வாய்மொழி இப்போது அருகிவிட்டது. "பெயர் நீளம் ஐயா, ஆங்கிலத்தில் பதினான்கு எழுத்து வருகின்றது" என்கின்றனர் பெற்றோர். தமிழில் எண்ணிப் பாருங்கள்: கு, ழ, ல், வா, ய், மொ, ழி; ஏழே எழுத்து! பெயரின் நீளத்தைப் பிறமொழிக் கோல்கொண்டு அளப்பதே நம் பிழை. "ழகரம் நாவில் வரவில்லை" என்பாரும் உளர். இப்பெயரில் ழகரம் இருமுறை வருகின்றது. நாளொன்றுக்குப் பத்துமுறை மகளைப் பெயர் சொல்லி அழைத்தால் இருபது முறை ழகரம் பயிலும். இதனினும் எளிய பயிற்சியை எந்தப் பள்ளி தரும்?

வடமொழிப் பெயரால் மறைக்க முடியாத ஒன்றை நம் சோம்பலால் இழக்கலாமா? இளம் பெற்றோரே, பெயரெண் பார்ப்பவரிடம் செல்லுமுன் உங்கள் பாட்டியிடம் செல்லுங்கள். குடும்பத்தில் வழங்கிய பெயர்களைக் கேட்டறியுங்கள். ஆசிரியப் பெருமக்களே, பதிவேட்டிலுள்ள தமிழ்ப்பெயரைச் சிதைக்காது முழுமையாக அழையுங்கள். சுருக்கித்தான் ஆகவேண்டுமெனில் வீட்டில் குழலி என்று அழையுங்கள், அதுவும் தமிழே.

அடுத்த ஆண்டுப் பெயர்ப் பதிவில் ஒரு குழல்வாய்மொழியேனும் இடம்பெறின், இன்று நான் பேசியது பயனுடைத்து.

வாழ்க தமிழ்!