களஞ்சியமும் கணக்கும்

(விழா அரங்கில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பெரும்பாலும் உழவுத் தொழிலைச் சார்ந்தவை. அவ்வீடுகளில் நெல் குதிரில் இருந்தது. பருப்பும் புளியும் மிளகாயும் பானைகளில் வரிசையாக இருந்தன. இந்த அறுவடையில் வந்தது அடுத்த அறுவடை வரை போதுமா என்னும் கணக்கு, இல்லத்தை நடத்திய பெண்டிரின் நெஞ்சில் இருந்தது. இன்று அக்குடும்பங்களுள் பல நகரங்களில் வாழ்கின்றன. குதிர் மறைந்தது, அதனோடு கணக்கும் மறைந்தது. தீர்ந்துபோன ஒரு பொருளுக்காகக் கடைக்குச் சென்று, தேவையற்ற ஐந்து பொருள்களோடு திரும்புவது வழக்கமாயிற்று. மளிகைச் செலவு உயர்வதற்கு விலையேற்றம் ஒரு காரணம். கணக்கின்மை மற்றொரு காரணம். முன்னது இல்லத்தாரின் கையில் இல்லை. பின்னது அவர்கள் கையிலேயே இருக்கிறது.

இக்கணக்குக்கு ஒரு சிறு குறிப்பேடு போதும். அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, வெல்லம் ஆகிய ஒவ்வொன்றும் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்ட நாளையும் தீர்ந்த நாளையும் இரண்டு மாதம் எழுதி வந்தால், குடும்பத்தின் உண்மையான தேவை தெரிந்துவிடும். அத்தேவையிலிருந்து நியாயவிலைக் கடையில் கிடைப்பதை முதலில் கழித்துக்கொள்ள வேண்டும். சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ்க் குடும்ப அட்டைதாரர்க்குத் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வழங்கப்படுகின்றன. எஞ்சிய தேவைக்கு மட்டுமே வெளிக்கடை.

அடுத்தது காலமறிந்து வாங்குதல். புதுப்புளி மாசி, பங்குனியில் சந்தைக்கு வருகிறது. இராமநாதபுரத்து மிளகாயும் ஈரோட்டு மஞ்சளும் அதே பருவத்தையொட்டி வருகின்றன. நெல் அறுவடைக்குப்பின் காவிரிப் படுகையில் விதைக்கப்படும் உளுந்தும் பாசிப்பயறும் பங்குனி, சித்திரையில் களத்துக்கு வருகின்றன. வரத்து மிகும்போது விலை தணிகிறது. அதனைத் தொடர்ந்து வரும் கோடை வெயில் அவற்றை உலர்த்தி வைக்கவும், வற்றலும் வடகமும் இட்டு வைக்கவும் உதவுகிறது. மலிவும் வெயிலும் ஒருங்கே கிடைக்கும் அந்த இரண்டு மூன்று மாதங்களே சேமிப்பறையை நிரப்பத் தக்க காலம்.

ஆயினும் மலிவு என்பதற்காக அளவின்றி வாங்கலாகாது. மாதம் 2 கிலோ துவரம்பருப்பு செலவாகும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கிலோவுக்கு 20 ரூபாய் குறைகிறது என்று ஓராண்டுக்குரிய 24 கிலோவையும் அவ்வீட்டார் ஒருசேர வாங்கினால் 480 ரூபாய் மிச்சமாகிறது. அவர்கள் கொடுத்த விலை கிலோ 130 ரூபாய் எனக் கொண்டால், அதில் 4 கிலோ கெட்டுப்போனால் இழப்பு 520 ரூபாய். மிச்சம் முழுவதும் போய், மேலும் 40 ரூபாய் நட்டம். வாங்கும்போது கிடைத்த ஆதாயத்தைக் காக்கும்போது இழப்பது சிக்கனம் ஆகாது.

கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட இல்லத்தில் இந்த இழப்பு பணத்தோடு முடிவதில்லை. வண்டு பெருகிய தானியத்தை உண்ணவும் இயலாது. வெயிலில் கொட்டினால் எண்ணற்ற உயிர்கள் மடியும். வண்டு வந்தபின் உலர்த்துவது கொலை. வருமுன் உலர்த்துவது காப்பு. எனவே ஈரமற்ற தானியம், துடைத்து உலர்த்திய கலம், இறுக மூடிய மூடி ஆகிய மூன்றும் முதற்கண் வேண்டும். உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் பூச்சிகளை அண்டவிடாமல் விலக்கப் பயன்படுகின்றன. பயறு வண்டு முழுப்பயறின் மேல் முட்டையிட்டுப் பெருகுவது. உடைத்த பருப்பில் அது பெருகுவது அரிது. ஆதலால் நெடுநாள் இருப்புக்கு உடைத்த பருப்பே ஏற்றது. முழுப்பயறைச் சிறிது சிறிதாக வாங்கலாம். ரவையும் கோதுமை மாவும் விரைவில் பூச்சி பிடிப்பவை. நிலக்கடலையும் எள்ளும் எண்ணெயும் நாட்பட்டால் சிக்கு வாடை அடிப்பவை. இவற்றை ஒரு மாதத் தேவைக்கு மேல் வைத்தல் தகாது.

மாவுக்குக் குளிர்காலத்தில் 7 நாள், கோடையில் 5 நாள், மழைக்காலத்தில் 3 நாள் என்று திகம்பர மரபு எல்லை வகுத்தது. ஈரம் மிகும் பருவத்தில் உயிர்கள் விரைந்து தோன்றும் என்பதை உணர்ந்து வகுத்த எல்லை அது. தானியத்தைத் தானியமாகவே வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவே அரைக்கும் வழக்கம் அதனால் வளர்ந்தது. அறத்திற்காக ஏற்பட்ட அவ்வழக்கம் செலவையும் குறைத்தது.

கடையில் நிற்கும்போதும் கருத்து வேண்டும். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவானதன்று. ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ உரிய விலை இப்போது பொட்டலங்களின்மீது அச்சிடப்படுகிறது. அதனை ஒப்பிட்டு வாங்குவதே முறை. வீட்டுக்கு வந்ததும் பழைய இருப்பை முன்னும் புதியதைப் பின்னும் வைக்க வேண்டும். பழைய சரக்கின்மேல் புதியதைக் கொட்டுவது, பழையதிலுள்ள கேட்டைப் புதியதற்கும் கொடுப்பதாகும்.

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று மிகுபொருள் விரும்பாமை. அது வறுமையை விரும்பச் சொல்லவில்லை. எல்லையை வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. அந்த எல்லை சேமிப்பறைக்கும் பொருந்தும். மூன்று மாதத் தேவை இருப்பில் உள்ள வீடு, விலையேற்றத்துக்கும் வேலையிழப்புக்கும் நோய்க்கும் உடனே கலங்குவதில்லை. எதிர்பாராது வரும் விருந்தினருக்கும் முகம் வாடுவதில்லை. மூன்றாண்டுத் தேவையை அடுக்கிய வீடோ பூச்சிக்கும் பூஞ்சைக்கும் உணவளிக்கிறது. எல்லைக்கு மேல் ஒரு பொருள் மிகுந்திருப்பது தெரிந்தால், அது கெடுமுன் தேவைப்படுவோர்க்குக் கொடுத்துவிடலாம். அலமாரியில் கிடந்தால் இழப்பாக வேண்டிய அது, பசித்தவர் கையில் உணவுக் கொடையாகிறது.

இவ்விழா நிறைவுற்று இல்லம் திரும்புவோர் இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு. சேமிப்பறையின் கலங்கள் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, இருப்பதை எழுதுவதே அது. புதிதாக ஒன்று வாங்குமுன் இருப்பது இன்னதென்று அறிதல் வேண்டும். களஞ்சியம் நிறைவதும் செலவு குறைவதும் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்கும்.