எழுத்தெண்ணத் தெரியாத நிரல்

(உடுமலைப்பேட்டையில் கணினி பயிலும் மாணவரிடை ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமராவதிக் கரையிலுள்ள கொழுமம் என்னும் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்து? தொடக்கப்பள்ளிச் சிறுவனைக் கேட்டால் நான்கு என்பான். கணினியைக் கேட்டால் ஏழு என்னும். சிலபோது எட்டு என்னும். சிறுவன் கூறியதே சரி. கணினி தானே பிழை செய்வதன்று. எழுத்து இன்னதென அதற்குக் கற்பித்தவர் தமிழிலக்கண முறையில் கற்பித்தாரல்லர்.

உலகெங்கும் வழங்கும் ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கப்பெற்ற இடம் 128. 1991இல் அது வெளிப்பட்டபோது, இந்திய அரசு 1988இல் வகுத்த குறிமுறையே அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. அதுவோ நாகரி முதலாய எழுத்துகளையெல்லாம் ஒரே அச்சில் வார்க்க முனைந்தது. அதனால் 'க' என்னும் உயிர்மெய் முதலெழுத்தே போல் ஓரிடம் பெற்றது. 'க்' என்னும் மெய்யோ அதன்மேல் புள்ளிக்குறி சேர்த்து ஆக்கப்படுவதாயிற்று. புள்ளி பெற்று நிற்றலே மெய்யின் இயல்பு என்ற தொல்காப்பியர் முறை தலைகீழாயிற்று!

இதனால் வரும் கேடு ஏட்டளவில் நிற்பதன்று. 'கொ' என்பதை ககரமும் ஒகரக்குறியும் என இரண்டாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டாகக் கண்ணுக்குத் தெரிவதால் எகரக்குறியும் காலும் தனித்தனியே இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. ஓர் அலுவலகத்தில் ஒருவகையாகப் பதிந்த கொழுமத்து உழவர் ஒருவரின் பட்டாவை மற்றொரு வகையாகத் தட்டித் தேடினால், 'இல்லை' என்றே விடை வரும். நிலம் இருக்கின்றது, பெயரும் இருக்கின்றது, தேடுவார்க்குத்தான் அகப்படவில்லை. பக்கத்துக் கொமரலிங்கத்துக்கும் இதே நிலைதான்.

பூளவாடியில் பிறந்த பாவலர் உடுமலை நாராயணகவியின் பெயருக்கு முன்னெழுத்து எடுக்குமாறு, முதற் குறியை மட்டும் வெட்டும் நிரலிடம் கொடுத்துப் பாருங்கள். 'நா' வாராது, 'ந' என்றே வரும். கால் வெட்டுண்டது! ஆங்கிலத்திற்கு எழுதிய நிரலை அப்படியே தமிழுக்குப் பூட்டியதன் விளைவு இது.

மாற்று முயற்சி இல்லாமலில்லை. 2010 சூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழக அரசு ஒருங்குறியோடு, ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் அனைத்தெழுத்துக் குறிமுறையையும் ஏற்றது. முறை நல்ல முறையே. ஆயினும், ஒருங்குறியில் தனியார் பயன்பாட்டுக்கென விடப்பெற்ற புறம்போக்கிலேதான் அது குடியேற வேண்டியதாயிற்று. அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் வெறுங்கட்டங்களே தோன்றும். ஒருங்குறியோ ஒருமுறை கொடுத்த இடத்தை மாற்றுவதில்லை என உறுதி பூண்டது. ஆகவே சுமை நிரலாளர் தோளில் விழுந்துள்ளது.

அச்சுமை தாங்கவொண்ணாததன்று. வரும் உரையைச் சேமிக்குமுன்னும் தேடுமுன்னும், இருவகைக் 'கொ'வையும் ஒருவகையாக்கும் சீர்மைப்படுத்தலைச் செய்தல் வேண்டும். அதற்கான செயற்கூறு பெரும்பாலான நிரல்மொழிகளில் ஆயத்தமாகவே உள்ளது. எண்ணுதல், வெட்டுதல், திருப்புதல் ஆகியவற்றைக் குறிகொண்டு செய்யாமல் எழுத்துகொண்டு செய்தல் வேண்டும். 2007இல் 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியைத் தொடங்கிய முத்தையா அண்ணாமலையும் தோழர்களும் ஆக்கிய 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரல்தொகுப்பு, சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருகின்றது. எவரும் விலையின்றி எடுத்தாளலாம். 'பதிப்பி', 'ஆனால்', 'முடி' எனத் தமிழிலேயே ஆணையிட்டு நிரலெழுதவும் எழில் இடந்தருகின்றது. ஆனால் ஆணை தமிழாயிருந்தால் மட்டும் போதாது, எண்ணிக்கையும் தமிழாயிருத்தல் வேண்டும்.

சீர்மைப்படுத்தலுக்கும் அடங்காத பிழை ஒன்றுண்டு. 'கௌதாரி' என்பதன் ஔகாரக்குறிக்கு மாற்றாக ளகரத்தையே தட்டிவிடுவார் பலர். அப்போது சொல் நான்கெழுத்தாகிவிடும். எந்தப் பொது நிரலும் இதைத் திருத்தாது. (கவுதாரி என்றெழுதுவார்க்கு இத்தொல்லை இல்லை!) இதற்குத் தமிழறிந்த நிரலாளரே தனி விதி எழுதியாக வேண்டும்.

இங்குள்ள மாணவர் இன்றிரவே தம் நிரலிடம் மூன்று சொற்களைக் கொடுத்துப் பார்க்கலாம். கொழுமம் நான்கு, கௌதாரி மூன்று, தமிழ் மூன்று. மூன்றாவதற்கு ஐந்து என விடை வருமாயின், திருத்தத்தை அங்கிருந்தே தொடங்குக.