கடலைக் காக்கும் வான்விழி



பரந்த சமுத்திரத்திலே செல்லும் கப்பல்களை, இரவென்றும் முகிலென்றும் பாராது வானிலிருந்து கண்காணித்தல் கூடுமா? கூடும். அதற்கு வேண்டுவது செய்மதியிலே பொருத்திய றேடார். அது தானே வானொலி அலைகளை அனுப்பி, அவை பட்டுத் திரும்பும் எதிரொலியைக்கொண்டு பொருளை அறிகின்றது.

ஆயின் ஒரு சங்கடம் உண்டு. தூரம் இருமடங்கானால் எதிரொலி பதினாறில் ஒன்றாகக் குறையும். ஆதலின் சோவியத் பொறியியலாளர் தம் கப்பல்தேடும் செய்மதிகளை ஏறக்குறைய 250 கிலோமீற்றர் உயரத்திலேயே செலுத்தினர். அங்கும் மெல்லிய காற்று உண்டு. அகன்ற சூரியத் தகடுகளை விரித்தால் அது செய்மதியைத் தடுத்துக் கீழே வீழ்த்திவிடும். எனவே மின்சாரத்துக்குச் சிறிய அணுவுலையை வைத்தனர். பணி முடிந்ததும் உலையை உயர்ந்த பாதைக்கு ஏற்றிவிடுவது திட்டம்.

1977 செப்ரெம்பர் 18இல் ஏவப்பட்ட கொஸ்மொஸ் 954இல் அத்திட்டம் பலிக்கவில்லை. 1978 சனவரி 24இல் அது கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களின்மேல் உடைந்து, கதிர்வீச்சுள்ள துண்டுகளைப் பனிநிலத்திலே சிதறியது. 1981இல் சோவியத் அரசு 30 இலட்சம் கனேடிய டொலர் கொடுக்க உடன்பட்டது.

ஒவ்வொரு படியையும் தனித்தனியே நோக்கின் நியாயமாகவே தோன்றும். எதிரொலிக்காகத் தாழ்ந்தனர், தாழ்ந்ததால் தகட்டைக் கைவிட்டனர், கைவிட்டதால் அணுவை நாடினர். முடிவிலோ, அக்கடற்காவலோடு எத்தொடர்புமில்லாத பழங்குடி மக்களின் வேட்டை நிலத்திலே நஞ்சு வீழ்ந்தது.

வேறு வழியும் இருந்தது. ஓடும் சிறிய அன்ரெனா வழிநெடுகப் பெறும் எதிரொலிகளைச் சேர்த்துக் கணித்தால், அது மிக நீண்ட அன்ரெனாவைப்போல் நுண்மையாகக் காணும் என்பதை அமெரிக்கரான கார்ல் வைலி 1951இலேயே கண்டார். 1978 யூனில் அமெரிக்கா ஏவிய சீசாற், 800 கிலோமீற்றர் உயரத்தில், சூரியத் தகடுகளின் மின்சாரத்தைக்கொண்டே, 25 மீற்றர் நுண்மையில் கடலைப் படம்பிடித்தது. அதன் அன்ரெனா 11 மீற்றருக்கும் குறைந்தது. கணிதத் துணையின்றி அந்நுண்மை பெறக் கிலோமீற்றர்க் கணக்கான நீளம் வேண்டும். அந்நாளில் ஒரு படத்தைக் கணித்தெடுக்கக் கணனிக்குப் பல மணிநேரம் பிடித்ததென்பதும், மின்கோளாறினால் சீசாற் மூன்றரை மாதத்தில் ஓய்ந்ததென்பதும் உண்மையே. எனினும் அவ்வழியே நிலைத்தது. 2014இல் ஐரோப்பா ஏவிய சென்ரினல்-1உம் அவ்வழி வந்ததே.

நண்பர்களே, இன்று பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் விஞ்ஞானம் பயிலும் நாம், நாளை கருவிகளை ஆக்கவிருப்பவர்கள். கருவி நன்றாக இயங்குமா என்பது நம் முதற் கேள்வியாகுக. அது பழுதுற்றால் யார் தலையில் விழும் என்பதையும் உடனே கேட்போமாக.