யாருக்குக் கிடைக்கவில்லை? – நூலகவியல் ஆராய்ச்சியின் முதல் வினா

(நூலகவியல், தகவல் அறிவியல் துறைகளின் ஆராய்ச்சி மாணவர்களிடையே ஆற்றிய உரை)





நூலகத்தில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இன்றும் உள்ளனர். நூலை வாங்குகிறார்கள், எண்ணிட்டு அடுக்குகிறார்கள், கேட்பவருக்குக் கொடுக்கிறார்கள்; இதற்கு முனைவர் பட்டம் எதற்கு என்பது அவர்களின் ஐயம். இதைக் கேட்டுச் சினம் கொள்வதில் பயனில்லை. நமது ஆராய்ச்சியால் எந்த வாசகருக்கு என்ன நன்மை விளைந்தது என்று எடுத்துக் காட்டுவதே இதற்குத் தக்க விடையாகும். அந்த விடை இன்று நம்மிடம் போதிய அளவில் இருக்கிறதா என்பதையே உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

பதிவேடு காட்டாத வாசகர்

என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகிறேன். நான் பணியைத் தொடங்கியது ஒரு சிறு கிளை நூலகத்தில். ஆண்டறிக்கை எழுதும்போது உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டினேன். பெண்களின் பெயர்கள் மிகச் சிலவே இருந்தன. எனவே, “இவ்வூரில் மகளிரிடையே வாசிப்பு ஆர்வம் குறைவு” என்று எழுதி அனுப்பினேன்.

சில நாட்கள் கழித்து, பள்ளிச் சிறுவன் ஒருவன் நாவல் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தான். “இதை அம்மா படித்து முடித்துவிட்டார்கள். இதே ஆசிரியரின் வேறு புத்தகம் இருந்தால் வாங்கிவரச் சொன்னார்கள்” என்றான். அதன் பின்னர் நூல் எடுக்க வந்த சிறுவர்களையெல்லாம் விசாரிக்கத் தொடங்கினேன். தந்தையின் பெயரிலும் மகனின் பெயரிலும் வெளியே சென்ற நூல்களில் பல, அடுக்களை வேலை முடிந்த பிற்பகலில் பெண்களால் படிக்கப்பட்டு வந்தன. எங்கள் நூலகத்தில் இருந்தது ஒரே கூடம். அதில் ஒரே நீண்ட மேசை. அதைச் சுற்றி நாளிதழ் படிக்கும் ஆடவர். அவர்களைக் கடந்து அடுக்குகளை அடைய எந்தப் பெண்ணும் முன்வரவில்லை. ஆர்வம் குறைவு என்று நான் எழுதியது தவறு. குறைவாக இருந்தது இடவசதி. வந்தவரை மட்டும் எண்ணிவிட்டு வராதவரைப் பற்றி முடிவு கூறிய பிழையை அன்று நான் செய்தேன். அதே பிழை நம் ஆய்வேடுகள் பலவற்றிலும் இருப்பதைப் பின்னாளில் கண்டேன்.

தொடக்கம் எவ்வாறு அமைந்தது?

நம் நாட்டில் இத்துறையின் ஆராய்ச்சி பணிமேசையிலிருந்து பிறந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த சீ. இரா. அரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக இலண்டன் சென்றவர், அங்கு நூலகங்கள் பலவற்றைப் பார்வையிட்டார். நூல்களை வரிசைப்படுத்தும் அன்றைய முறைகள் புதிய பொருள்களுக்கு இடம் தராமல் திணறுவதை உணர்ந்தார். கடையொன்றில் கண்ட மெக்கானோ விளையாட்டுப் பொருள் அவருக்கு வழிகாட்டியது. சில துண்டுகளைப் பலவாறு இணைத்துப் பல பொம்மைகளைச் செய்வதுபோல, ஒரு பொருளின் கூறுகளை இணைத்தே அதற்குரிய எண்ணை அமைக்கலாம் என்று கண்டார். அவரது ஐந்து விதிகள் நூல் 1931-லும் கோலன் பகுப்பு முறை 1933-லும் வெளிவந்தன. நூலகப் பணிகளுக்குக் கணித, புள்ளியியல் முறைகளைப் பயன்படுத்தும் ‘லைப்ராமெட்ரி’ என்னும் துறை வளர வேண்டுமென இங்கிலாந்தில் நடந்த மாநாடொன்றில் 1948-ல் எடுத்துரைத்தவரும் அவரே.

நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. விடுதலைக்குப் பின் நாட்டின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. சொத்து வரியோடு நூலக வரியும் தண்டப்படலாயிற்று. 1951-ல் யுனெஸ்கோ ஒத்துழைப்புடன் தில்லிப் பொது நூலகம் ஒரு முன்னோடித் திட்டமாகத் தொடங்கப்பட்டது. அதன் பணியை மதிப்பிட்டு ஃப்ராங்க் கார்டினர் எழுதிய அறிக்கை 1957-ல் வெளியாயிற்று. ஒரு நூலகம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அது யாருக்குப் பயன்படுகிறது என்று ஆராய்ந்த அந்த முறை பின்பற்றத் தக்கது. 1962-ல் பெங்களூரில், இந்தியப் புள்ளியியல் கழகத்தின் கீழ், ஆவணமாக்க ஆராய்ச்சிப் பயிற்சி மையம் அமைந்தது.

கருத்தும் சோதனையும்

அரங்கநாதனிடம் நமக்குள்ள மதிப்பு, அவர் கூறியதைச் சோதித்துப் பார்ப்பதற்குத் தடையாகிவிடக் கூடாது. இங்கிலாந்தில் க்ரான்ஃபீல்டு விமானவியல் கல்லூரியின் நூலகர் சிரில் கிளெவர்டன் 1957-ல் ஒரு சோதனையைத் தொடங்கினார். விமானவியல் சார்ந்த 18,000 கட்டுரைகளை நான்கு முறைகளில் சுட்டுப்பதிவு செய்து, 1,200 வினாக்களைக் கொண்டு தேடச் செய்தார். அரங்கநாதனின் கருத்திலிருந்து கிளைத்த கூற்றுப் பகுப்பு முறையும் அந்நான்கில் ஒன்று. 1962-ல் வெளிவந்த முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. நான்கிற்குமிடையே வேறுபாடு அதிகமில்லை. கூற்றுப் பகுப்பு முறை மற்றவற்றைவிடச் சற்றுப் பின்தங்கியே இருந்தது.

ஆனால், அச்சோதனையில் நாம் கற்க வேண்டிய பாடம் வேறு. வேண்டிய கட்டுரை கிடைக்காமற் போன நேர்வுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் முறையின் குறை அன்று, சுட்டுப்பதிவு செய்தவர்களின் பிழை என்று தெரிய வந்தது. எது சிறந்த முறை என்று அறிஞர்கள் வாதிட்டுக் கொண்டிருக்கையில், வாசகருக்கு நூல் கிடைக்காமைக்கான காரணம் மேசையில் அமர்ந்து செய்யும் அன்றாடப் பணியில் இருந்தது. கிடைக்காத இடத்திலிருந்து ஆராய்ச்சியைத் தொடங்கியதால்தான் இவ்வுண்மை புலப்பட்டது.

எளிதில் எண்ணக் கூடியவை

இன்று நம் ஆய்வேடுகளின் தலைப்புகளைப் பாருங்கள். 2009-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு ஒழுங்குமுறைக்குப் பின்னர், ஆய்வேடுகள் மின்வடிவில் திரட்டப்பட்டு ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் யாவரும் காணும்படி வைக்கப்பட்டுள்ளன. ஒரு துறையின் கட்டுரைகள் எத்தனை, அவற்றை எழுதியோர் யார், மேற்கோள் காட்டியோர் எத்துணைப் பேர் என்று கணக்கிடும் ஆய்வுகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. துறையின் பெயரை மட்டும் மாற்றினால் ஓர் ஆய்வேடு மற்றோர் ஆய்வேடாகிவிடும் என்று சொல்லத் தக்கவையும் அவற்றுள் உண்டு.

நூலளவியல் பயனற்றது என்று நான் கூறவில்லை. ஒரு பொருள் பற்றிய கட்டுரைகளில் பெரும்பகுதி ஒரு சில பருவ இதழ்களிலேயே செறிந்திருக்கும் என்று பிராட்ஃபோர்டு 1934-ல் எடுத்துக் காட்டினார். குறைந்த நிதியைக் கொண்டு எந்த இதழ்களை வாங்குவது என்று திகைக்கும் நூலகருக்கு அது பேருதவி. எண்ணிக்கையின் முடிவில் ஒரு நூலகர் எடுக்க வேண்டிய முடிவு காத்திருந்தது. அவ்வாறு யாரும் காத்திராத எண்ணிக்கைகளைக் குறித்தே நான் கவலைப்படுகிறேன். கணினியின் முன் அமர்ந்தவாறே அவற்றை எண்ணிவிட முடிகிறது. ஊர்ப்புற நூலகத்திற்குச் செல்லப் பேருந்து ஏற வேண்டும்.

ஐந்து விதிகள், ஐந்து வினாக்கள்

அவ்வாறாயின் எதை ஆராய்வது? ஐந்து விதிகளை நாம் மாணவப் பருவத்திலேயே மனப்பாடம் செய்தோம். அவற்றை வினாக்களாக மாற்றிப் பாருங்கள்.

முதல் விதி நூலின் பயன்பாட்டைப் பற்றியது. வாங்கிய நூல்களில் எத்தனை பயன்படுகின்றன? அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வொன்று 1979-ல் வெளியாயிற்று. 1969-ல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு, 1975 முடியும் வரை ஒருமுறையேனும் இரவல் கொடுக்கப்படவில்லை என்று அது தெரிவித்தது. அதை மறுத்தவர்களும் இருந்தனர். நூலகத்திலேயே அமர்ந்து படிக்கப்படும் நூல்களை இரவல் கணக்கு காட்டாது என்றனர். இந்த ஆய்வையும் மறுப்பையும் ஒருங்கே மனத்திற் கொண்டு நம் மாவட்ட நூலகத்தில் ஒரு கணக்கெடுப்பு நடத்த அதிகப் பொருட்செலவு ஆகாது. அடுக்கில் இருபதாவது நூல் தோறும் எடுத்து, அதன் தேதிச் சீட்டையோ கணினிப் பதிவையோ பாருங்கள். மாலையில் மேசைமீது விடப்பட்ட நூல்களையும் சில வாரங்கள் குறித்து வாருங்கள்.

இரண்டாம் விதி வாசகரைப் பற்றியது. எவர் வருவதில்லை, ஏன்? இதற்கான வினாப்பட்டியலை நூலக வாயிலில் கொடுத்தால் விடை கிடைக்காது. வீடுகளுக்கும் வயல்களுக்கும் பணிமனைகளுக்கும் கொண்டு செல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவர், பார்வையற்றவர், நூலகம் திறந்திருக்கும் நேரம் முழுவதும் கூலி வேலையில் இருப்பவர் ஆகியோர் இக்கணக்கில் இடம்பெற வேண்டும்.

மூன்றாம் விதி, நூல் தன் வாசகரை அடைவது பற்றியது. பூட்டிய அலமாரியில் உள்ள நூலையும் கைக்கெட்டும் அடுக்கில் உள்ள நூலையும் ஒப்பிட்டு எவரேனும் அளந்திருக்கிறோமா?

நான்காம் விதி காலத்தைப் பற்றியது. வாசகர் ஒரு நூலைக் கேட்ட நேரத்தையும் அது அவர் கைக்கு வந்த நேரத்தையும் குறித்து வர ஒரு கடிகாரமும் ஒரு குறிப்பேடும் போதும். கேட்டும் கிடைக்காத நூல்களுக்கென ஒரு தனிப் பதிவேடு வையுங்கள். கேட்ட நூல் நூலகத்தில் இல்லையா, இரவலில் உள்ளதா, இடம் மாறிக் கிடக்கிறதா, கட்டமைப்புக்குச் சென்று திரும்பவில்லையா என்று காரணத்தையும் எழுதுங்கள். ஆறு மாதப் பதிவுகள் சேர்ந்தால், அடுத்த ஆண்டு நூல் கொள்முதலுக்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டி வேறில்லை.

ஐந்தாம் விதி வளர்ச்சியைப் பற்றியது. எதைக் கழிப்பது, எதைக் காப்பது, திரையில் படிக்கப்படுவனவற்றை எவ்வாறு சேர்ப்பது என்பன நம் காலத்தின் வினாக்கள். கைப்பேசியில் தேடுகிறவருக்கு நூலகம் தேவையில்லை என்பாரும், தேவை கூடியிருக்கிறது என்பாரும் உளர். இரு தரப்பினரும் கருத்தையே கூறுகின்றனர். அளந்து சொல்லும் பொறுப்பு நம்முடையது.

நாட்டின் தேவை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது முதன்முறையாக நூலகங்களும் கணக்கில் எடுக்கப்பட்டன. ஊரகப் பகுதிகளில் 70,817 நூலகங்களும் நகரப் பகுதிகளில் 4,580 நூலகங்களும் இருப்பதாகக் கண்டனர். அன்றைய ஊரக மக்கள்தொகை 83 கோடிக்கு மேல். ஏறத்தாழ 12,000 பேருக்கு ஒரு நூலகம் என்று கொள்ளலாம். ஆனால், இந்த எண் ஒரு கட்டடம் இருப்பதையே சொல்கிறது. அது நாளில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது, கடைசியாக எப்போது புதிய நூல் வந்தது, மாலையில் விளக்கெரிகிறதா, எந்தத் தெருவினர் அங்கே வருகின்றனர், எந்தத் தெருவினர் வருவதில்லை என்பனவற்றை அதிலிருந்து அறிய முடியாது. திட்டமிடுவோருக்கும் நிதி ஒதுக்குவோருக்கும் வேண்டியவை இவ்விவரங்களே. இவை இல்லாதபோது, நிதி குறைக்கப்பட்டாலும் நாம் வாதிட வழியில்லை. கூட்டப்பட்டாலும் அதை எங்கே செலவிடுவது என்று சொல்ல இயலாது.

சட்டம் உள்ள மாநிலங்கள் சிலவற்றில் நூலக வரியைச் செலுத்துவோருள் நூலகத்தின் படியேறாதவர் பலர். அவர்களுக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆகவே, இளம் ஆராய்ச்சியாளர்களாகிய உங்களிடம் நான் வேண்டுவன இரண்டே. ஆய்வுத் தலைப்பை முடிவு செய்யுமுன், ஏதேனும் ஒரு நூலகத்தின் கொடுப்பு மேசையில் ஒரு மாதம் அமர்ந்திருங்கள். வெறுங்கையோடு திரும்புகிறவர் எவர் என்று பாருங்கள். ஆய்வு முடிந்தபின், அதன் முடிவுகளை அந்நூலகப் பணியாளர்களின் மொழியில் பத்துப் பக்கங்களில் எழுதி, அவர்களிடமே கொடுங்கள். ஆய்வேடு களஞ்சியத்தில் என்றும் இருக்கும். அந்தப் பத்துப் பக்கங்களைப் படித்த நூலகர் ஒருவர், பெண்களுக்கென ஒரு மேசையைத் தனியே இட்டாலும், மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக நூலகத்தைத் திறந்து வைத்தாலும், நமது துறையில் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவருக்கு அதையே விடையாகக் காட்டலாம்.