கணக்கு எந்த மொழியில் புரிகிறது?

(தொடக்கப்பள்ளிக் கணிதம் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



தமிழ்ப்பள்ளியில் கணிதம் என்று பேச்செடுத்தாலே, எந்த மொழியில் என்ற கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. 2003-இல் முதலாம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009 ஜூலையில் அந்தக் கொள்கை கைவிடப்படும் என்று அரசு அறிவித்தது. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. தமிழ்ப்பள்ளிகளில் அது பெரிய சர்ச்சையே ஆனது. இத்தனை ஆண்டுகளில் நாம் நடத்திய கூட்டங்கள் கொஞ்சமா, கொடுத்த மனுக்கள் கொஞ்சமா? ஆனால், ஒரு பிள்ளைக்கு எண் என்பது எப்படிப் புரிகிறது, எந்த இடத்தில் புரியாமல் போகிறது என்று பேசுவதற்காக ஒரு கூட்டம் போட்டதாக எனக்கு நினைவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். முதல் மூன்று ஆண்டுகள் கணிதம் தமிழில்தான் இருக்க வேண்டும். தமிழ்ப் பற்றினால் மட்டும் இதைச் சொல்லவில்லை. எண்ணுப் பெயர்களையே பாருங்கள். பதினொன்று என்னும்போது பத்தும் ஒன்றும் காதில் விழுகின்றன. பதின்மூன்று, பதினான்கு எல்லாம் அப்படியே. ஆங்கிலத்தில் 'இலெவன்', 'டுவெல்வ்' என்ற சொற்களுக்குள் பத்து எங்கே இருக்கிறது? 'ஃபோர்ட்டீன்' என்றால் நான்கு முன்னால் வருகிறது, அதைக் கேட்டு 41 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. இடமதிப்பைப் புரிய வைப்பதுதான் முதலாம் ஆண்டின் பெரிய வேலை. அந்த வேலையில் பாதியைத் தமிழ்ச் சொல்லே செய்து கொடுத்து விடுகிறது.

அதற்காகத் தமிழில் எல்லாம் நேராக இருக்கிறது என்று மார்தட்ட வேண்டாம். எழுபது, எண்பது என்று ஒழுங்காகப் போய்க் கொண்டிருந்த பிள்ளைக்கு அடுத்து வருவது தொண்ணூறு. அதற்குள் நூறு ஒளிந்து கொண்டிருக்கிறது! எழுநூறு, எண்ணூறுக்கு அடுத்து தொள்ளாயிரம். அதற்குள் ஆயிரம். 'தொள்ளாயிரத்து ஐந்து' என்று சொல்லி எழுதச் சொன்னால் 9005 என்று எழுதுகிற பிள்ளையை மந்தம் என்று சொல்லாதீர்கள். அவன் காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறான். அந்த இடத்தில் ஒரு வாரம் கூடுதலாக நின்று, நூறு நூறாகக் கட்டிய குச்சிகளை ஒன்பது கட்டு அடுக்கிக் காட்டி, 'இது ஆயிரத்தைத் தொடவில்லை, இன்னும் ஒரு கட்டு வேண்டும்' என்று அவனையே சொல்ல வைத்தால் சரியாகி விடும். பாடத்திட்ட அட்டவணையில் அந்த ஒரு வாரம் இருக்காது. ஆசிரியர்தான் எங்கிருந்தாவது எடுக்க வேண்டும்.

பின்னத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால், தொடக்கப்பள்ளிக் கணிதத்தில் பிள்ளைகள் அதிகமாகத் தொலைந்து போகும் இடம் இதுதான். தமிழில் 'நான்கில் மூன்று' என்கிறோம். மலாயில் 'தீகா பெர் எம்பாட்', ஆங்கிலத்தில் 'த்ரீ ஓவர் ஃபோர்'. அந்த இரண்டு மொழிகளிலும் மேலே உள்ள எண் முதலில் வருகிறது. தமிழில் கீழே உள்ள எண் முதலில் வருகிறது. எழுதும்போது மேலிருந்து கீழே எழுதிப் பழகிய பிள்ளை, நான்கை மேலே போட்டு மூன்றைக் கீழே போடுகிறான். உடனே சிவப்பு மையில் ஒரு தவறு.

ஆனால், பொருளைப் பார்த்தால் தமிழ் வரிசைதான் நியாயமானது. முதலில் ரொட்டியை நான்கு சமபாகமாக வெட்டு, பிறகு அதில் மூன்றை எடு. கை செய்யும் வேலையை வாய் அதே வரிசையில் சொல்கிறது. ஆகவே கீழே உள்ள எண்ணை, அதாவது பகுதியை, முதலில் எழுதிப் பழக்குங்கள். கோட்டைப் போடு, கீழே நான்கு, மேலே மூன்று. கால், அரை, முக்கால் என்ற சொற்கள் வீட்டுச் சமையலறையிலேயே கிடக்கின்றன. அவற்றையும் வகுப்புக்குள் கொண்டு வாருங்கள்.

அடுத்தது பிரச்சனைக் கணக்கு. 'கவிதாவிடம் 24 முத்துகள் உள்ளன. அது ராணியிடம் உள்ளதைவிட 6 அதிகம். ராணியிடம் எத்தனை?' வகுப்பில் பாதிப் பேர் 30 என்பார்கள். ஏன்? 'அதிகம் என்று வந்தால் கூட்டு, குறைவு என்று வந்தால் கழி' என்று நாமே சொல்லிக் கொடுத்திருக்கிறோம்! தேர்வுக்கு அது குறுக்கு வழி. புரிதலுக்கு அது பள்ளம். இரண்டு கட்டங்கள் வரையச் சொல்லுங்கள். நீளமானது கவிதாவுக்கு, குட்டையானது ராணிக்கு. விடை 18 என்று படமே சொல்லும். சிங்கப்பூரில் 1980-களில் கோ டெக் ஹொங் தலைமையிலான குழு இந்தக் கட்டப்பட முறையைத் தொடக்கப்பள்ளிப் பாடத்துக்குள் கொண்டு வந்தது. ஒரு பென்சிலும் ஒரு தாளும் போதும்.

பொருள்கள் இல்லை, நிதி இல்லை என்று சில ஆசிரியர்கள் சொல்வதைக் கேட்கிறேன். புளியங்கொட்டைக்கு எந்த நிதி வேண்டும்? பல்லாங்குழியை நாமும் ஆடினோம், மலாய்க்காரர்கள் அதன் உறவான 'சொங்காக்' ஆடுகிறார்கள். குழிக்கு ஐந்தாக ஏழு குழியில் போட்டால் அதுவே ஐந்தாம் வாய்ப்பாடு. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனப்பாடம் வேண்டும். கொட்டையை எண்ணிய பிறகு வேண்டும்.

பெற்றோர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளை கடைசியாக எப்போது சில்லறை எண்ணியது? இப்போது கைப்பேசியைக் காட்டினால் பணம் போய் விடுகிறது. மீதிக் காசு என்ற கழித்தல் கணக்கே வாழ்க்கையிலிருந்து மறைந்து கொண்டிருக்கிறது. சந்தைக்குப் போகும்போது 20 ரிங்கிட்டைப் பிள்ளை கையில் கொடுங்கள். மளிகைக்கடை ரசீதையும் காட்டுங்கள். நம் நாட்டில் 2008 ஏப்ரல் முதல் ஒரு சென் கணக்கை ஐந்து சென்னுக்குத் திருத்திக் கொள்கிறார்கள். 7 ரிங்கிட் 43 சென், 7 ரிங்கிட் 45 சென் ஆகிறது. 42 சென் என்றால் 40 ஆகிறது. ஏன் என்று கேளுங்கள். கிட்டிய மதிப்புப் பாடம் அந்தத் துண்டுச் சீட்டிலேயே இருக்கிறது.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. இனிப் பிள்ளைகள் நிம்மதியாகக் கற்பார்கள் என்றோம். ஆனால், பயிற்சி நூல்களின் கனம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஒரே மாதிரியான நாற்பது கணக்கு செய்வதைவிட, ஒரு கணக்கை மூன்று வழியில் செய்து 'எது சுலபம், ஏன்?' என்று பேசுவது மேல். பிள்ளை வாய் திறந்து பேசினால்தான் அவன் தலைக்குள் என்ன நடக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியும். அப்படி வாய் திறக்க, அவனுக்குத் தெரிந்த மொழி வேண்டும். நான் தமிழ் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று தமிழ்ப்பள்ளிக்கு வரும் எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் தமிழ் பேசுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவர்களுக்குக் கணிதச் சொற்களைத் தனியாகச் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும்.

எதிர்த்தரப்பின் கவலையிலும் உண்மை இருக்கிறது. ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை, நன்றாகத் தெரிந்த கணக்கையே வேறு பெயரில் பார்த்து மிரள்கிறான். பின்னம் அங்கே 'பெச்சஹான்', தசமம் 'பெர்புலுஹான்', விழுக்காடு 'பெராதூஸ்'. கணக்கு தெரியாதவன் என்று பின்வரிசைக்குப் போய் விடுகிறான். இதற்குப் பாடமொழியையே மாற்ற வேண்டியதில்லை. ஐந்தாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்தப் பாடத்தின் சொற்களைத் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். ஆறாம் ஆண்டின் கடைசி வாரங்களில், அவன் ஏற்கெனவே தமிழில் செய்து முடித்த கணக்குகளையே மலாயில் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். தலைமையாசிரியர் மனம் வைத்தால் அடுத்த வாரமே தொடங்கலாம், யாருக்கும் மனு கொடுக்க வேண்டியதில்லை.